ஊசிமுனை – 9: ஹாம்பர்க், 48 மணி நேரம்

சென்ற வாரம் சைபீரியாவில் நிறுத்தியிருந்தோம். 2004 மே 5. நோவோசிபிர்ஸ்க் நகரை ஒட்டிய கோல்ட்சோவோவில் ‘வெக்டர்’ ஆய்வு மையம். கினி பன்றிகளில் எபோலா ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு பெண் ஆய்வாளரின் கையில் ஊசி ஏறியது. சரியாக இரண்டு வாரம். மே 19-ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக் ராணுவ ஆய்வகத்திலும் இதேபோல் ஒரு குத்து. அங்கே குத்துப்பட்டவரை 21 நாள் தனி அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

தொடரின் தொடக்கத்தில் பார்த்த போர்ட்டன் டவுன் சம்பவத்தையும் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 1976 நவம்பர் 5, இங்கிலாந்து. எபோலாவைக் கையாண்ட ஆய்வாளர் ஒருவரின் கட்டைவிரலில் ஊசி பட்டது. அந்த ஆய்வாளர் உடனே கையுறையைக் கழற்றி, விரலைக் குளோரின் கரைசலில் முக்கி, அழுத்திப் பிதுக்கினார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தும் துளை தெரியவில்லை. ஆறாம் நாள் காய்ச்சல் கண்டது. லண்டன் காப்பெட்ஸ் வுட் மருத்துவமனையில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் படுக்க வைத்து இன்டர்ஃபெரான் போட்டார்கள். ஆப்பிரிக்காவில் நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஏற்றினார்கள். பிழைத்தார்.

ஒருவர் நோயுற்று மீண்டார், ஒருவருக்கு நோயே வரவில்லை, ஒருவர் இறந்தார். ஆனால் ஊசி குத்திய அந்த நிமிடத்தில் மூவர் முன்னும் நின்றது ஒரே கேள்விதான்: உள்ளே போயிற்றா, இல்லையா? அன்றைக்கே சோதித்துச் சொல்ல எந்தப் பரிசோதனையும் கிடையாது. தொற்று ஏறியிருந்தாலும் முதல் நாள் ரத்தத்தில் வைரஸ் அகப்படாது.

இந்த வாரம் நான்காவது ஊசி.

●

2009 மார்ச் 12, வியாழக்கிழமை. ஜெர்மனியின் ஹாம்பர்க்.

எல்பா ஆற்றுத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது பெர்ன்ஹார்ட் நோக்ட் வெப்பமண்டல மருத்துவ நிலையம். 1892-ல் ஹாம்பர்க்கைச் சூறையாடிய காலரா எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அந்த அடிக்குப் பிறகு நகருக்கு வந்த துறைமுக மருத்துவர்தான் நோக்ட். கப்பலோடு வரும் நோய்களைப் படிக்க 1900-ல் அவர் தொடங்கிய நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

இந்த இடத்துக்கும் நம் கதைக்கும் பழைய உறவு உண்டு. 1967-ல் மார்பர்க் நகரத் தடுப்பூசித் தொழிற்சாலையில் உகாண்டாக் குரங்குகளிடமிருந்து தொழிலாளர்களுக்கு ஒரு புதிய நோய் தொற்றியதையும், ஃபிராங்க்ஃபர்ட்டையும் சேர்த்து 7 பேர் இறந்ததையும் இரண்டாம் அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கிருமி, நூல் சுருண்டாற்போன்ற வடிவில், எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ் முதன்முதலாகத் தென்பட்டது இங்கேதான். எபோலாவின் பங்காளி அது. 42 ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்துக் கிருமி இந்த நிலையத்தின் உள்ளேயே ஒருவரைத் தொட்டுப் பார்த்தது.

நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் என்றால் என்னவென்று முன்பே விளக்கிவிட்டேன். மருந்தும் தடுப்பூசியும் இல்லாத கிருமிகளுக்கான இடம். காற்று உள்ளே மட்டும் போகும். வெளியே வருவது வடிகட்டிகளைத் தாண்டித்தான் வரும். கழிவு நீர்கூடக் கிருமி நீக்கப்படாமல் வெளியேற முடியாது. இத்தனை கோட்டை கட்டிய பிறகும் ஊசி கோட்டைக்குள்ளேதான் இருக்கிறது. விலங்குக்கு மருந்து செலுத்த வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும். கையுறை எத்தனை அடுக்கு போட்டாலும் ஈரத்தைத் தடுக்கும்; எஃகு முனையைத் தடுக்காது. தடுக்கும் அளவுக்குக் கனமாகப் போட்டால் விரலுக்கு உணர்வு போய்விடும், சுண்டெலியைப் பிடிக்கவே முடியாது.

அன்று ஒரு பெண் ஆய்வாளர் விலங்குச் சோதனை ஒன்றில் இருந்தார். இந்த விபத்தைப் பற்றிய மருத்துவக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை. இங்கும் வேண்டாம்.

சிரிஞ்சில் இருந்தது சயீர் வகை எபோலா. எபோலா வகைகளிலேயே கொடியது. 1976-ல் யம்புக்கு மிஷன் மருத்துவமனையைச் சுற்றி 318 பேரைப் பிடித்து 280 பேரைக் கொன்றது இதுதான். அதனோடு ஃப்ராய்ண்ட் துணைமருந்து என்ற எண்ணெய்க் குழம்பும் கலந்திருந்தது. உடலின் எதிர்ப்பைக் கிளறிவிடுவதற்காக ஆய்வு விலங்குகளுக்குச் சேர்ப்பது.

ஊசி கையுறைகளைத் துளைத்து விரலில் பட்டது.

●

இங்கே சற்று நிற்போம்.

ஆய்வக விபத்துகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்துக்கொண்டே இருக்கிறது. குத்துப்பட்டவர் முதலில் செய்யவேண்டியது கை கழுவுவது. இரண்டாவது வேலை அதைவிடக் கடினம்: வாயைத் திறந்து சொல்வது. நம் ஊர் மருத்துவமனைகளில் எத்தனை செவிலியர்கள் ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லாமல் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறார்கள்! “கவனமா இருக்கத் தெரியாதா?” என்ற வசவுக்குப் பயந்து. ஹெச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அந்தப் பயம் அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

ஹாம்பர்க்கில் அப்படி நடக்கவில்லை. செய்தி உடனே மேலே போனது. அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டியும் போனது. எபோலாவை நேரில் கையாண்டு பழகியவர்கள் உலகத்திலேயே சில டஜன் பேர்தான். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குச் சின்ன உலகம். நிலையத்தின் ஸ்டெஃபான் குந்தர், அமெரிக்காவில் இருந்த ஹைன்ஸ் ஃபெல்ட்மன், தாமஸ் கைஸ்பெர்ட் எனப் பலரும் சேர்ந்து இந்த ஒரே ஒரு விரலைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள்.

வெக்டர் விபத்தின்போது வெளியுலகுக்குச் செய்தி தாமதமாகத்தான் வந்தது என்பதை இங்கே ஒப்பிட்டுக்கொள்ளலாம். அன்று யாராவது எதையாவது அனுப்பியிருக்க முடியுமா, அது பயன்பட்டிருக்குமா என்பது வேறு விஷயம். கேட்கவே வாய்ப்பில்லாமல் போனது.

●

கையில் என்னென்ன இருந்தன?

போர்ட்டன் டவுன் ஆய்வாளருக்குக் கொடுத்த சீரம்? அதன் மவுசு அதற்குள் போயிருந்தது. நோயை வென்ற குரங்குகளின் ரத்தத்தை நோயுற்ற குரங்குகளுக்கு ஏற்றிப் பார்த்த சோதனை 2007-ல் வெளியானது. காப்பாற்றவில்லை. 1976-ன் அந்த இங்கிலாந்து ஆய்வாளர் சீரத்தால் பிழைத்தாரா, இன்டர்ஃபெரானால் பிழைத்தாரா, தானாகவே பிழைத்தாரா என்பது இன்றுவரை வழக்கு தீராத கேள்வி.

கொக்கிப் புழுவிடமிருந்து கண்டெடுத்த, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு புரதம் இருந்தது. எபோலா ஏற்றிய 9 குரங்குகளுக்கு அதைக் கொடுத்ததில் 3 பிழைத்தன.

அடுத்து, வின்னிபெக்.

கனடாவின் வின்னிபெக் நகரத்துத் தேசிய நுண்ணுயிரியல் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் ஒரு தடுப்பூசி உறைந்து கிடந்தது. மாடு, குதிரை, பன்றிகளுக்கு வாய்ப்புண் உண்டாக்கும் வி.எஸ்.வி. என்ற வைரஸை எடுத்து, அதன் மேலுறைப் புரதத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எபோலாவின் மேலுறைப் புரதத்தைப் பூட்டிய செயற்கைப் பிறவி அது. உடம்புக்குள் போனால் பெருகும். அதாவது உயிருள்ள தடுப்பூசி. முன்கூட்டியே ஒரு முறை போட்ட குரங்குகள் எபோலாவிலிருந்து முழுதாகத் தப்பின என்று 2005-ல் அறிவித்தார்கள். அதைவிட வியப்பான செய்தி 2007-ல் வந்தது: எபோலாவை ஏற்றிய பிறகு இந்தத் தடுப்பூசியைப் போட்ட 8 குரங்குகளில் 4 பிழைத்தன.

நோய் ஏறிய பிறகு தடுப்பூசியா என்று கேட்கத் தோன்றும். நாய் கடித்த பிறகுதானே நாமும் ஊசி போட்டுக்கொள்கிறோம்? 1885-ல் பாரிஸில் லூயி பாஸ்டர் தொடங்கிவைத்த, குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் வழியாகத் தமிழ்நாடு நன்கறிந்த வித்தை அது. கிருமி நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஏறுவதற்குள் தடுப்பூசி எதிர்ப்பை எழுப்பிவிடுகிறது. ஆனால் வெறிநோய்க் கிருமிக்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். எபோலாவுக்குச் சில நாள் போதும். அவ்வளவு குறுகிய காலத்தில் இந்தத் தடுப்பூசி எப்படி முந்துகிறது என்பதே முழுதாகப் புரியாத நிலை.

பிழைத்த அந்த 4 குரங்குகளில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. அவற்றுக்குத் தடுப்பூசி போட்டது கிருமி ஏறிய 20 முதல் 30 நிமிடத்துக்குள். வின்னிபெக்கிலிருந்து ஹாம்பர்க்குக்கு அரை மணி நேரத்தில் எதுவும் வந்து சேராது.

●

இனி இருதரப்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

தொற்று ஏறியிருந்தால், சும்மா இருப்பது மரணத்தை வரவேற்பதற்குச் சமம். யம்புக்குவில் பத்தில் ஒன்பது பேர் தப்பவில்லை.

தொற்று ஏறாமலிருந்தால்? முழு ஆரோக்கியத்தோடு இருக்கும் ஒருவரின் உடலுக்குள், அதுவரை எந்த மனிதருக்கும் போட்டிராத ஒரு பெருகும் வைரஸைச் செலுத்தப்போகிறோம். அது எபோலாவின் சட்டையை மாட்டியிருக்கும் வைரஸ். மனித உடலில் என்ன செய்யும் என்று குரங்கு சொல்லாது.

பாஸ்டருக்கும் இந்த நெருடல் இருந்தது. வெறிநாய் கடித்த எல்லாருக்கும் வெறிநோய் வருவதில்லை. அல்சாஸிலிருந்து வந்த, 1885-ல் தாம் ஊசி போட்ட ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அது வந்திருக்குமா என்று அவருக்கும் தெரியாது. ஒன்றேகால் நூற்றாண்டு கழித்து, இத்தனை கருவிகளுக்கு நடுவே, அறிவியல் திரும்பவும் அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தது.

நிபுணர்கள் சாதக பாதகங்களை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: போட்டுக்கொள்ளலாம் என்று பரிந்துரை. ‘போடுகிறோம்’ என்று சொல்ல அவர்களால் முடியாது. சம்மதம் குத்துப்பட்டவருடையது. ஒரு வசதி, அல்லது ஒரு கொடுமை: எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை உலகத்திலேயே நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடிய நோயாளி அவர். கட்டுரைகளை அவரே படித்திருப்பார். 4 குரங்குகளின் பிழைப்பையும், மற்ற 4-ன் முடிவையும்.

அவர் சம்மதித்தார்.

●

மார்ச் 14, சனிக்கிழமை. குத்துப்பட்டு 48 மணி நேரம் ஆகியிருந்தது.

வின்னிபெக்கிலிருந்து கடல் கடந்து வந்த தடுப்பூசி ஹாம்பர்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் செலுத்தப்பட்டது. ஒரே ஒரு ஊசி. அதில் 5 கோடி வைரஸ் அலகுகள்.

பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். விபத்து நடந்து 60 மணி நேரம். எபோலா வெளிப்பட இரண்டு நாள் முதல் 21 நாள் வரை ஆகும் என்பது பாடநூல் கணக்கு. இந்தக் காய்ச்சல் அந்த வாசலுக்குள் விழுகிறது. தடுப்பூசியால் வந்த காய்ச்சலாகவும் இருக்கலாம். உயிருள்ள தடுப்பூசிகள் அப்படிச் சுடுவது வழக்கம்தான். தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரே சூடு.

ரத்தத்தை எடுத்து பி.சி.ஆர். பரிசோதனைக்குக் கொடுத்தால் தெரிந்துவிடாதா? இங்கே ஒரு பொறி இருந்தது. எபோலாவின் மேலுறைப் புரத மரபணுவைத் தேடினால் கட்டாயம் அகப்படும். ஏனென்றால் தடுப்பூசியே அந்த மரபணுவைச் சுமந்துகொண்டுதான் உள்ளே போயிருக்கிறது. தவறான மரபணுவைத் தேடியிருந்தால் அன்று அந்த மருத்துவமனையில் ஒரு பொய்யான எபோலா நோயாளி பிறந்திருப்பார்.

வழி இருந்தது. எபோலாவுக்கு மொத்தம் ஏழு மரபணுக்கள். தடுப்பூசியிடம் இருப்பது அவற்றில் ஒன்றே ஒன்று. எனவே மற்ற ஆறில் ஒன்றைத் தேட வேண்டும். அது கிடைத்தால் வந்திருப்பது உண்மையான எபோலா. மேலுறை மரபணு மட்டும் கிடைத்தால் அது வின்னிபெக் சரக்கு.

தடுப்பூசி வைரஸ் இரண்டு நாள் ரத்தத்தில் தெரிந்தது. எபோலாவின் மற்ற மரபணுக்கள் அகப்படவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. காய்ச்சல் இறங்கியது.

பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு நாளும் ரத்தம் வெறுமையாகவே வந்தது. 21 நாள் கணக்கு ஏப்ரல் 2-ஆம் தேதியோடு முடிந்தது. அவர் ஆரோக்கியமாக இருந்தார்.

●

அப்படியானால் தடுப்பூசிதான் காப்பாற்றியதா?

செய்தித்தாள்கள் அப்படி எழுத ஆசைப்படும். ஹாம்பர்க் குழு அப்படி எழுதவில்லை. சிரிஞ்சிலிருந்த எபோலா விரலுக்குள் இறங்கவே இல்லை என்றாலும் முடிவு இதே மாதிரிதான் இருந்திருக்கும். இறங்கி, தடுப்பூசி அதை நசுக்கியிருந்தாலும் இதே முடிவுதான். இரண்டையும் பிரித்துக் காட்டும் தடயம் கிடைக்கவில்லை. ஃபோர்ட் டெட்ரிக் ஆய்வாளர் எந்த ஊசியும் போடாமலே நலமாகத் திரும்பினார் என்பதை மறக்கக்கூடாது.

2011-ல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை ஒரு வெற்றிக் கதையாக வாசிக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். என் கணிப்பில் அதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எந்த மனிதருக்கும் போட்டிராத தடுப்பூசி ஒரு மனிதருக்குப் போடப்பட்டது. ஒரு நாள் காய்ச்சல், இரண்டு நாள் ரத்தத்தில் நடமாட்டம், அதோடு விலகிக்கொண்டது. பின்னாளில் ஆயிரக்கணக்கானோருக்குப் போட்டபோதும் காய்ச்சல்தான் பரவலான பக்கவிளைவுகளில் ஒன்றாக இருந்தது. அந்தச் சனிக்கிழமை ஹாம்பர்க்கில் கிடைத்தது முதல் வரைபடம்.

ஆய்வகங்களும் ஒரு பாடம் படித்தன. விபத்து நடந்த பிறகு மருந்தைத் தேடினால் 48 மணி நேரம் ஆகும், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஃப்ரீசரில் இருப்பு, அழைக்கவேண்டிய தொலைபேசி எண்கள், எந்த மரபணுவைத் தேட வேண்டும் என்ற முன்யோசனை எல்லாம் ஊசி குத்துவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டியவை. ஹாம்பர்க்கில் நண்பர்கள் இருந்தார்கள், அதனால் நடந்தது. நண்பர்கள் இல்லாத ஆய்வகத்தில்?

●

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவிடாமல் செய்தது அடுத்த ஐந்து ஆண்டுகள்.

2010-ல் அந்தத் தடுப்பூசியின் உரிமம் ஒரு சிறிய அமெரிக்க நிறுவனத்துக்குப் போனது. மனிதர்களுக்குப் போடத்தக்க தரத்தில் குப்பிகளும் தயாராயின. தயாராகி, உறைந்து கிடந்தன.

2013 டிசம்பர். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், மெலியாண்டூ என்ற காட்டோரச் சிற்றூரில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தது. பிறகு வீட்டார், பிறகு அக்கம்பக்கம், பிறகு மருத்துவமனை ஊழியர்கள். என்ன நோய் என்று தெரியாமலே மூன்று மாதம் ஓடியது. 2014 மார்ச்சில் ரத்த மாதிரிகள் ஐரோப்பாவுக்குப் பறந்தன. ஒரு பகுதி பிரான்சின் லியோனுக்கு. இன்னொரு பகுதி, நாம் இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்த அதே ஹாம்பர்க் ஆய்வகத்துக்கு.

எபோலா. சயீர் வகை. அந்த சிரிஞ்சில் இருந்த அதே வகை.

அதற்கு எதிரான தடுப்பூசி வின்னிபெக்கில் இருந்தது. ஒரு விரலுக்காக அது இரண்டே நாளில் கடல் கடந்திருந்தது. ஆனால் கனடா 800 முதல் 1000 குப்பிகள் தருவதாக உலக சுகாதார நிறுவனத்திடம் சொன்னதே 2014 ஆகஸ்டில்தான். தன்னார்வலர்களிடம் முதற்கட்டச் சோதனை தொடங்கியது அக்டோபரில். அதற்குள் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றிலும் சவக்குழி தோண்ட ஆள் கிடைக்கவில்லை. நோயாளிகளைத் தொட்ட செவிலியரும் மருத்துவரும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள்.

2009 மார்ச்சுக்கும் 2014 அக்டோபருக்கும் இடையில், அந்த ஃப்ரீசர் கதவை யார் சாத்தி வைத்திருந்தார்கள்?

(தொடரும்)